ஆஸ்டெக் மரணக் கடவுள் நாடு கடத்தப்பட்டு இன்றைய மனிதர்களோடு வாழ நேர்ந்தால் எப்படி இருப்பான்?

கதை எழுதுவதற்காகக் கேட்டிருக்கிறீர்கள். மெக்சிகோவின் பழைய வரலாற்றை நெடுநாளாக விரும்பிப் படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் கடவுளின் பெயர் மிக்ட்லான்தெகுட்லி. மிக்ட்லான் என்ற பாதாள உலகத்தின் அரசன். மனைவி மிக்டெகாசிவாட்ல் அவனுக்குச் சமமாகக் கூட இருந்து ஆண்டவள். கதையில் அவளை மறந்துவிடாதீர்கள்.

இவனை எமதர்மன் மாதிரி நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தால் கதை தடம் மாறிவிடும். இவனிடம் பாவ புண்ணியக் கணக்கே கிடையாது. செத்தவர் எங்கே போவார் என்பதை அவர் செத்த விதம்தான் முடிவு செய்தது. போரிலும் பலிபீடத்திலும் இறந்தவர்கள் சூரியனோடு போனார்கள். பிரசவத்தில் இறந்த பெண்களுக்கும் அதே மரியாதை. நீரில் மூழ்கியவர்களையும் இடி விழுந்து செத்தவர்களையும் மழைக்கடவுள் த்லாலோக் அழைத்துக்கொண்டான். பால்குடி மறக்காத குழந்தைகளுக்குப் பால் சொட்டும் மரம் ஒன்று இருந்தது. மிச்சம் இருந்தவர்கள், அதாவது நோயில் விழுந்தும் வயதாகியும் சாதாரணமாகச் செத்தவர்கள், எல்லோரும் இவனிடம் வந்தார்கள். அரசனாக இருந்தாலும் சுமைதூக்கியாக இருந்தாலும் விசாரணை இல்லாமல் உள்ளே விட்டான். எனக்கு அவனிடம் பிடித்ததே இதுதான்.

அங்கே போய்ச் சேர நான்கு வருடம் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தெ சகாகுன் என்ற ஸ்பானியத் துறவி, ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்ல் பேசும் பெரியவர்களிடம் கேட்டு இதையெல்லாம் எழுதி வைத்தார். ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இரண்டு மலைகள், பாம்பு காவல் காக்கும் பாதை, கத்தி மாதிரி அறுக்கும் எரிமலைக்கண்ணாடிக் காற்று, கடைசியில் ஒரு ஆறு. ஆற்றைக் கடக்க நாய் வேண்டும். அதற்காகவே ஒரு நாயைக் கொன்று பிணத்தோடு எரித்தார்கள். வெள்ளை நாய் "இப்போதுதான் குளித்தேன்" என்று மறுத்துவிடும், கறுப்பு நாய் "இப்போதுதான் அழுக்கானேன்" என்று சொல்லிவிடும், மஞ்சள் நாய் மட்டும்தான் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். உறவினர்கள் நான்கு வருடம் சடங்கு செய்தார்கள். அதற்குப் பிறகு இறந்தவர் மிக்ட்லானின் கடைசி நிலையான ஒன்பதாவது நிலையில் முழுமையாக மறைந்துபோவார்.

சரி, நாடு கடத்தல். இதற்குக் காரணம் எதையும் நீங்கள் புதிதாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. 1521 ஆகஸ்ட் 13 அன்று ஆஸ்டெக் தலைநகரமான தெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் வீழ்ந்தது. கோயில்களை இடித்து அந்தக் கல்லிலேயே தேவாலயம் கட்டினார்கள். பின்னால் வந்த பாதிரிமார்கள் மிக்ட்லானைத்தான் நரகம் என்று மக்களுக்குப் போதித்தார்கள். யாரையும் தண்டிக்காத ஒருவனின் வீடு, தண்டனைக்கூடமாக ஆகிவிட்டது. ஆக, 500 வருடமாக அவன் வேலை இல்லாமல் அதே ஊரில்தான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த ஊரின் பெயர் மெக்சிகோ நகரம்.

அவன் தோற்றத்தை எழுதுவதற்கு முன் அந்த நகரத்தில் ஆஸ்டெக்குகளின் பெருங்கோயில் இருந்த இடத்தில் உள்ள டெம்ப்லோ மயோர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுடுமண் சிலையின் படங்களைப் பாருங்கள். 1994இல் கழுகுகளின் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடத்தைத் தோண்டும்போது கிடைத்தது. உயரம் 1.76 மீட்டர், கிட்டத்தட்ட ஆள் உயரம். நான் நேரில் பார்த்தபோது சில நிமிடம் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. லேசாக முன்னால் குனிந்து, நகங்கள் நீண்ட இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, எதிரே வருபவரைப் பிடிக்கப் போவது போல நிற்கிறான். பல் தெரிய வாய் திறந்திருக்கிறது. அதைச் சிரிப்பு என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. மார்புக்கூட்டுக்குக் கீழே ஈரல் வெளியே வந்து பெரிதாகத் தொங்குகிறது. மண்டையில் சிறுசிறு ஓட்டைகள். சுருட்டை முடியைச் செருகி வைப்பதற்காக. இந்தச் சிலை மேல் ரத்தம் ஊற்றிய தடயத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆமாம், அவனுக்கும் பலி உண்டு. கதையில் அதைப் பூசி மெழுக வேண்டாம். அவனே அதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று எழுதுங்கள்.

மெக்சிகோ நகரத்தில் பினோ சுவாரெஸ் என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. 1960களில் மெட்ரோவுக்குத் தோண்டும்போது காற்றுக்கடவுள் எஹேகாட்லின் சிறிய வட்டக் கோயில் ஒன்று அங்கே கிடைத்தது. இன்றும் வண்டி மாறுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். எஹேகாட்ல் என்பது இறகுப் பாம்புக் கடவுளான கெட்சால்கோவாட்லின் இன்னொரு வடிவம். நம் மரணக் கடவுளுக்கும் அவனுக்கும் பழைய பகை. புதிய மனிதர்களைப் படைப்பதற்காக, அழிந்துபோன பழைய யுகத்து மனிதர்களின் எலும்புகளைக் கேட்டு கெட்சால்கோவாட்ல் மிக்ட்லானுக்கு வந்தான். மிக்ட்லான்தெகுட்லி ஓட்டையே இல்லாத ஒரு சங்கைக் கொடுத்து "ஊதிக் காட்டு" என்றான். புழுக்கள் துளை போட்டன, தேனீக்கள் உள்ளே புகுந்து ஒலி எழுப்பின. எடுத்துப் போ என்று சொல்லிவிட்டு மறுபடி மனம் மாறி, வழியில் குழி தோண்ட வைத்தான். காடைகள் படபடத்துப் பறக்க, கெட்சால்கோவாட்ல் தடுக்கி விழுந்தான், எலும்புகள் உடைந்தன. அந்த உடைந்த எலும்பில் இருந்துதான் நாம் வந்தோம், அதனால்தான் ஆளுக்கு ஆள் உயரம் வேறு வேறு என்பார்கள். அப்படியானால் மெட்ரோவில் இடித்துக்கொண்டு போகும் ஒவ்வொருவரும் அவன் வீட்டில் இருந்து எடுத்துப் போன எலும்பு! அந்த நிலையத்தில் ஒரு காட்சி கட்டாயம் வையுங்கள்.

அடுத்து எல்லோரும் கைவைப்பது நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாள். உண்மையில் மிக அழகான பண்டிகை. வீட்டில் படையலும் கல்லறையில் மெழுகுவத்தியும் வைத்து, நம் ஊரில் துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டுகிற அதே பூவால் அலங்கரிப்பார்கள். அந்தப் பூவுக்குச் சொந்த ஊரே மெக்சிகோதான். ஆனால் தலைநகரில் நடக்கும் பெரிய எலும்புக்கூடு ஊர்வலம் 2016இல்தான் ஆரம்பித்தது, அதுவும் ஒரு ஆங்கில உளவாளிப் படத்தில் வந்த காட்சியைப் பார்த்து. இதில் நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நீங்கள் சீக்கிரம் கடந்து போகலாம். அதே நகரத்தின் தெபீத்தோ பகுதியில் 2001இல் இருந்து பொதுவில் வழிபடப்படும் சாந்தா முவெர்த்தே என்ற எலும்பு அன்னையையும் அவன் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். வேலையும், சிறையில் இருக்கும் பிள்ளைக்கு விடுதலையும் கேட்டு ஜனங்கள் அவள் முன்னால் நிற்பதைப் பார்த்தால் அவனுக்கு நிச்சயம் ஏதாவது தோன்றும்.

என்னைக் கேட்டால், அவன் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. மெக்சிகோவில் காணாமல் போனவர்களின் அரசுப் பதிவேட்டு எண்ணிக்கை 2022 மே மாதத்தில் 1 லட்சத்தைத் தாண்டியது. அவர்களைத் தேடுவது பெரும்பாலும் அவர்களுடைய அம்மாக்கள். நீளமான இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மண்ணில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, முனையை மோந்து பார்ப்பார்கள். பிண நாற்றம் அடித்தால் அங்கே தோண்டுவார்கள். 2016 மே 10 அன்று, அந்த நாட்டின் அன்னையர் தினத்தில், வெராக்ரூஸில் ஊர்வலம் போன அம்மாக்களின் கையில் யாரோ ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். கையால் வரைந்தது, நிறைய சிலுவைக் குறிகள் போட்டது. அதை வைத்துக்கொண்டு கொலினாஸ் தெ சாந்தா ஃபே என்ற இடத்தைத் தோண்டினார்கள். 250க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. 2018இல் குவாதலஹாராவில் பிணவறை நிரம்பி வழிந்ததால் 200க்கும் மேற்பட்ட சடலங்களைக் குளிர்சாதன லாரியில் போட்டு, ஊருக்கு வெளியே இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

எலும்புகளின் காவலனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? சடங்கு இல்லை, நாய் இல்லை, அந்த நான்கு வருடக் கணக்கு ஆரம்பிக்கவே இல்லை. பல பத்தாயிரம் பேர் அவன் வாசலுக்கு வரவும் முடியாமல், வீட்டுக்குத் திரும்பவும் முடியாமல் கிடக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்றால் கதை ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால் நாடு கடத்தியபோது அந்த அறிவைப் பறித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அவனும் அந்த அம்மாக்களோடு கம்பி பிடிக்கட்டும், மோந்து பார்க்கட்டும், பத்தில் ஒன்பது தடவை வெறும் மண்ணோடு திரும்பட்டும். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அவன் யார் என்று தெரிய வந்தால் போதும். அவள் அவனிடம் வரம் கேட்க மாட்டாள், உயிரைத் திருப்பிக் கேட்கவும் மாட்டாள். மகனின் எலும்பைத்தான் கேட்பாள். கெட்சால்கோவாட்லுக்குச் சங்கைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தவன் இவளுக்கு என்ன பதில் சொல்வான் என்பதை நீங்கள் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.