காலை நடை மட்டும் நின்றுவிட்டது

கேள்வி: எனக்கு வயது 46. திருகோணமலை நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு உணவைக் குறைத்து, தினமும் விடியற்காலை கோணேசர் கோயில்வரை நடந்து, ஐந்து மாதங்களில் 81 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்தேன். இப்போது மீண்டும் 75. சாப்பாட்டை நான் கூட்டவில்லை. மாமி பாரிசவாதத்தில் விழுந்த பிறகு காலை நடை மட்டும் நின்றுவிட்டது. கணவரும் மூத்த மகனும் எட்டு மணிக்கு வேலைக்குப் போகும்வரை எனக்கு ஓய்வில்லை. இளையவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான், எட்டரைக்குத்தான் எழும்புவான். என் உடம்பில் கொழுப்பு எரியும் சக்தியே கெட்டுவிட்டதா? தோழி ஒருத்தி கொழுப்பைக் கரைக்கும் தேயிலை விற்கிறாள். வாங்கிக் குடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடை திரும்பி ஏறுவதைப் பற்றி எனக்குப் பல ஆண்டுகளாகக் கடிதங்கள் வருகின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் கேள்வி ஓரிடத்திலும் காரணம் வேறோர் இடத்திலும் இருக்கும். உங்கள் கடிதத்தில் காரணம் "காலை நடை மட்டும்" என்ற வரியில் இருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த "மட்டும்" என்ற சொல்லை நான் விடுவதாக இல்லை.

கொழுப்பு எரியும் சக்தி கெடவில்லை. ஆனால் மாறியிருக்கிறது, அந்த மாற்றம் இலகுவில் நீங்கவும் மாட்டாது. 13 கிலோ குறைந்தபோது உங்கள் கொழுப்புக் கலங்கள் அழிந்துபோகவில்லை, சுருங்கின. வளர்ந்தவர்களின் உடலில் இக்கலங்களின் எண்ணிக்கை எடை இறங்கினாலும் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்பதை சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008 இல் காட்டினார்கள். சுருங்கிய கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைக் குறைவாகச் சுரக்க, மூளை அதனைப் பஞ்சம் வந்ததன் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைக் குறைக்கிறது. மெல்பேர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் சராசரியாக 13.5 கிலோ குறைந்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பின்னரும் பசியை ஆளும் ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. நீங்கள் குறைத்த எடையும் ஏறத்தாழ அதேயளவுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்கள் "மட்டும்" என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது. எடை குறைத்த உடல் சும்மா இருக்கும்போது சக்தியை மிச்சம் பிடிப்பதைவிட, அசையும்போதுதான் கூடுதலாக மிச்சம் பிடிக்கிறது. தசைகள் சிக்கனம் பழகி, முன்பு நடந்த அதே தூரத்தை இப்போது குறைந்த சக்தியில் நடந்து முடிக்கின்றன. பலருக்குக் கொழுப்பை எரிக்கும் வீதமும் குறைந்து, சாப்பிட்ட கொழுப்பு எரிவதை விடுத்துச் சேமிப்புக்கே போகிறது. பட்டினியோடு தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் எதிர்த்து நிற்கக்கூடியது ஒழுங்கான உடலசைவு: நாள்தோறும் வேலை செய்யும் தசைக்குள் இழைமணிகள் என்ற, சக்தியை உண்டாக்கும் நுண்ணிய உறுப்புகள் பெருகுகின்றன, கொழுப்பு அங்கேதான் எரிகிறது. அமெரிக்காவில் 1994 இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய பொதுவான பழக்கம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேர உடலசைவு, பெரும்பாலும் நடை. ஆகவே, உணவைக் குறைத்தது எடையை இறக்கியது. கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலால் நுழைந்து மான்களைக் கடந்து மேலே ஏறிய அந்த ஏற்றந்தான் அதனைப் பிடித்து வைத்திருந்தது. அதனை விட்டுவிட்டு, சாப்பாட்டைக் கூட்டவில்லையே என்று கேட்கிறீர்கள். எடை ஏறுவதற்குச் சாப்பாட்டைக் கூட்டத் தேவையில்லை, சகோதரி. உடல் முன்னைப்போல் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாமியைப் பராமரிப்பது கடமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அதனைச் சுமை என்று நீங்கள் எழுதாததையும் நான் மதிக்கிறேன். ஆனால் அது யாருடைய கடமை? அவர் பெற்ற மகன் அதே வீட்டில் எட்டு மணிவரை இருக்கிறார். மாமியின் கையால் பிட்டும் சொதியும் உண்டு வளர்ந்த இரண்டு பேரன்மார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் எட்டரைவரை உறங்குகிறான். இதனை நீங்கள் ஒரு முறைப்பாடாகக்கூட எழுதவில்லை, காலநிலையைச் சொல்வதைப் போலச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் உங்கள்மீது. ஆண்பிள்ளைகளுக்கு நோயாளியின் அருகில் இருக்கத் தெரியாது என்று நாமே முடிவுசெய்து, அவர்களை அந்தப் பக்கம் விடாமல் வளர்த்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் செய்து மெலிகிறோம், அல்லது உங்களைப் போலப் பருக்கிறோம். பாட்டிக்கு ஒரு மிடறு தண்ணீர் பருக்கப் பழகாத பேரன், நாளை உங்களுக்கும் அதனைச் செய்யமாட்டான். அவனுக்கு நீங்கள் செய்வது அன்பு என்று எண்ணுகிறீர்கள். நான் அதனைக் குறை வளர்ப்பு என்றே சொல்வேன்.

தேயிலையை வாங்காதீர்கள். கொழுப்புக் கலத்தைத் தேடிச்சென்று கரைக்கும் தேயிலை எதுவும் இல்லை. இவ்வாறு விற்கப்படுபவற்றில் சில வயிற்றைப் போக்கி, நீரை இழக்கவைத்து, தராசை இரண்டு நாட்களுக்கு ஏமாற்றும். அந்தப் பணத்தில் மீனும் முட்டையும் பருப்பும் வாங்கினால் தசைக்கு உதவும். ஆஸ்பத்திரியில் தைரொயிட்டையும் சீனியையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், உங்கள் வயதில் அது அவசியம். எடையை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் பாருங்கள். மறுபடியும் பட்டினி கிடந்து 68ஐத் துரத்த வேண்டாம். முதலில் மூன்று மாதங்கள் 75இல் ஏறாமல் நில்லுங்கள்.

மாமியைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், அவருக்கும் அதுவே கூச்சமில்லாதது. ஆனால் காலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை, நீங்கள் நடக்கப் போயிருக்கும் நேரத்தில், அவர் கட்டிலருகில் உங்கள் கணவரோ மகன்மாரில் ஒருவரோ இருக்க வேண்டும், முறைவைத்து, ஞாயிறு உட்பட. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூவரையும் இருத்தி இதைச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், உங்கள் எடையைக் காரணம் காட்டவும் வேண்டாம். முதல் முறை இளையவனுடையதாக இருக்கட்டும். பாட்டியின் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்று அவன் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவரிடமே போய்க் கேட்கட்டும்.