பீட்ரூட்டும் பேரீச்சையும் சாப்பிட்டும் அசதி போகவில்லையே?

கேள்வி: வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. எழுந்திருக்கும்போதே உடம்பு அசதியாக இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. இரண்டு மாதமாகத் தினமும் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டும் தெம்பு வரவில்லை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். சும்மா இருக்கும்போது பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுகிறது. வேறு என்ன சாப்பிடலாம்?

பதில்: பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 9.2-க்கு இறங்கிய பிறகு சாப்பாட்டை மட்டும் நம்பி ஏற்றுவது நடக்காத காரியம், மாத்திரை கட்டாயம் வேண்டும். பச்சரிசி மெல்லும் ஆசையைக் கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டுவார்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது சகஜம், சத்து ஏறினால் பெரும்பாலும் தானே போய்விடும்.

உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம்கூடக் கிடையாது. சிவப்பு நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாலைந்து பேரீச்சம்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்காக விடவேண்டாம், ஆனால் அதையே மருந்தாக நினைக்காதீர்கள்.

அசைவம் உண்டு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) வாங்குங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்த பாட்டிமார் சரியாகத்தான் செய்தார்கள். சுவரொட்டியில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது, உடம்பும் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்பு அப்படி இல்லை, அதில் சிறு பங்குதான் உள்ளே போகும். கூடவே வைட்டமின் சி இருந்தால் அந்தப் பங்கு கூடும். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழியலாம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடிக்கலாம்.

இதையெல்லாம் கெடுப்பது டீதான். டிபன் முடிந்த கையோடு குடிக்கும் டீ, அந்த டிபனில் இருந்த இரும்பில் பாதிக்குமேல் உள்ளே போகவிடாது. டீயை விடச் சொல்லவில்லை, மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தால் வேண்டியிருக்கும்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடியுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். எத்தனை, எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பால், டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். தெம்பு வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

அப்புறம், ரத்தப்போக்கு. மாதாமாதம் அது வெளியே போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் தேறாது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் பாருங்கள். தைராய்டு, பி12 பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அசதிக்கு அவையும் காரணமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், லீவு நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.