மஞ்சள்தூளில் கலப்படம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைத் தூவி, கலக்காமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் படியும். தண்ணீர் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். மெட்டானில் யெல்லோ போன்ற சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர்மஞ்சளாகிவிடும்.

ஆனால் பெரிய ஆபத்து லெட் குரோமேட்தான். மங்கிப்போன கிழங்குக்கு மெருகேற்றப் பூசும் ஈய நிறமி இது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால், டம்ளர் சோதனையில் தப்பிவிடலாம். ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்லும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. வங்கதேசத்தில் 2019இல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. மொத்த வியாபாரிகளுக்கு அபராதம், சந்தைச் சோதனை என்று கெடுபிடி செய்தார்கள். 2021இல் அது பூஜ்யமானது. மனம் வைத்தால் நடக்கிறது பாருங்கள்!

நான் விரலி மஞ்சள் வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைக்கத்தான் சொல்வேன். கொஞ்சம் வேலைதான், சரி. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். தோல் பளிச்சென்று இருந்து உள்ளே மங்கலாக இருந்தால், அந்தக் கடையில் வாங்காதீர்கள்.