கரன்ட் எப்போ சார் வரும்?

போன இதழில் புது மின் இணைப்பு பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன், அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதித் தமிழ்நாடு மீட்டருக்காக வாசலில் நிற்கிறது போலிருக்கிறது. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு.

சொந்த வீடு கட்டி முடித்துவிட்டோம், தை மாதம் கிரகப்பிரவேசம். புது சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்து 25 நாளாகிறது. ஒரு தடவை கேட்டால் மீட்டர் ஸ்டாக் இல்லை என்கிறார்கள், இன்னொரு தடவை போஸ்ட் போடணும் என்கிறார்கள். சட்டப்படி எத்தனை நாள்?
*வாசகி, ஆவடி*

முதலில் நான் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். "எழுதிக் கொடுத்து" என்றால் என்ன? ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, விண்ணப்ப எண் வாங்கினீர்களா, அல்லது வயர்மேன் கையில் ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்துவிட்டு "அவர் பார்த்துக்கொள்வார்" என்று வந்துவிட்டீர்களா? இரண்டாவது என்றால் உங்களுக்கு இன்னும் முதல் நாளே ஆரம்பிக்கவில்லை. இருபத்தைந்து நாள் என்பது உங்கள் கணக்கு, ஆபீஸ் கணக்கில் நீங்கள் விண்ணப்பதாரரே கிடையாது.

எண் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, முழுமையான விண்ணப்பம் வந்து ஒரு மாதத்துக்குள் மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அதையும் குறைத்து, 2020 டிசம்பர் 31-ல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்தது, 2024-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். மாநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள், மலைப்பகுதிக் கிராமம் என்றால் 30 நாள். மாநில ஒழுங்குமுறை ஆணையம் இதற்குள் கெடு வைக்கலாம், இதைத் தாண்டி வைக்கக் கூடாது.

மூன்று நாளா, சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் இந்தக் கெடு, உங்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே கம்பி ஓடுகிறது, அதிலிருந்து இழுத்துக் கொடுத்தால் போதும் என்கிற இணைப்புக்குத்தான். புது போஸ்ட் நட வேண்டும், லைனை நீட்ட வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்றால் கணக்கு வேறு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் போட்ட செயல்தர விதிகளில் வெறும் இணைப்புக்கு ஒரு வாரம், லைன் நீட்டிப்புக்கு 60 நாள், புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டுமென்றால் 90 நாள் என்று பிரித்தே வைத்தார்கள். அதனால் "எத்தனை நாள்" என்று கேட்பதற்கு முன்னால் "என் இணைப்பு எந்த வகை" என்று கேளுங்கள்.

உங்களுக்குச் சொன்ன இரண்டு பதில்களும் ஒரே வகை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? போஸ்ட் போடணும் என்றால் யாராவது வந்து தூரம் அளந்து எஸ்டிமேட் போட்டிருக்க வேண்டும். எந்தத் தேதியில் போட்டார்கள், எந்த அதிகாரியின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்று கேளுங்கள். யாருமே வந்து அளக்கவில்லை என்றால் போஸ்ட் கதை அந்த நேரத்துக்கு வாயில் வந்த கதை. மீட்டர் இல்லை என்பது பல சமயம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அது அவர்கள் கஷ்டம், உங்கள் கெடுவை நீட்ட அது காரணம் ஆகாது. சட்டத்தின் 55-வது பிரிவுப்படி நுகர்வோர் விரும்பினால் மீட்டரைத் தானே வாங்கிக் கொடுக்கலாம், எந்தத் தயாரிப்பை ஏற்றுக்கொள்வீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். எழுதி என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால் சொந்த அனுபவம். சில வருஷம் முன்னால் எங்கள் வீட்டு மாடிக்குத் தனி சர்வீஸ் கேட்டு நாற்பது நாள் நடந்தேன், போகும்போதெல்லாம் "ஃபைல் மேலே இருக்கு சார்" என்றார்கள், நானும் மேலே என்றால் பெரிய ஆபீஸ் போல என்று பயபக்தியோடு திரும்பி வந்தேன். கடைசியில் பார்த்தால் ஃபைல் பீரோவுக்கு மேலே இருந்தது. நான் கொடுத்த சொத்துவரி ரசீது ஜெராக்ஸ் கறுப்பாக விழுந்து எண் படிக்க முடியவில்லையாம், அதை யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. குறை இருந்தால் என்ன குறை என்று சொல்லுங்கள் என்று முதல் வாரமே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கியிருந்தால் முப்பது நாள் மிச்சம்.

கெடு தாண்டிவிட்டால் முதலில் 94987 94987, மின்னகம் என்கிற மின்வாரியப் புகார் மையம். 2021-லிருந்து இருக்கிறது, புகார் எண் கொடுப்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கேயும் திருப்தி இல்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். மன்றத்தின் தலைவராக உட்கார்ந்திருப்பவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர்தானே, அவர் எப்படித் தன் ஆட்களையே கேட்பார் என்று நினைப்பீர்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்த மறுநாளே மீட்டர் கிடைத்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

நஷ்டஈடும் உண்டு. 2004 விதியில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், அதிகபட்சம் 1000 ரூபாய். கிரகப்பிரவேசத்துக்கு வாழையிலை வாங்க ஆகும். சட்டத்தில் நாளுக்கு 1000 ரூபாய் வரை அபராதம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அது உங்கள் கைக்கு வருகிற பணம் இல்லை.

வாடகைக் கட்டடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். தனி சர்வீஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றால் ஓனர் சம்மதக் கடிதம் தர மறுக்கிறார். அவர் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்துக்கொள், யூனிட்டுக்கு இவ்வளவு கொடு என்கிறார். என்ன செய்யலாம்?
*வாசகர், திருவாரூர்*

முதல் வேலையாக அந்த வயரைத் தொடாதீர்கள். வீட்டு இணைப்பில் கடை ஓடினால் சட்டத்தின் 126-வது பிரிவில் அனுமதியில்லாத உபயோகம் என்று வரும், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுத் தீட்டுவார்கள். அந்த பில் வரும் நாளில் ஓனர் "எனக்குத் தெரியாமல் இழுத்துவிட்டான்" என்று சொல்ல மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஓனர் சம்மதம் இல்லாமலும் வழி இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை, ஆபீசிலும் தானாகச் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாடு மின் பகிர்மான விதித் தொகுப்பில் படிவம் 5, படிவம் 6 என்று இரண்டு உண்டு. ஐந்து ஓனரின் சம்மதம். அவர் கிடைக்கவில்லை, அல்லது தர மறுக்கிறார் என்றால், நீங்கள் சட்டப்படிதான் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரமும் (வாடகை ஒப்பந்தம் போதும், அதனால் அதை வாய்வார்த்தையாக வைத்துக்கொள்ளாதீர்கள்), படிவம் 6-ல் ஒரு ஈட்டுறுதிப் பத்திரமும் (இதனால் நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்கிற உறுதிமொழி) கொடுக்க வேண்டும். டெபாசிட் மட்டும் வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு. கடை போட்ட புதிதில் அது வலிக்கும்தான்.

கவுன்டரில் இதெல்லாம் முடியாது என்றால் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைதாரர் வழக்கில் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்: மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக அதை மறுக்க முடியாது. திலீப் எதிர் சதீஷ் என்பது வழக்கின் பெயர்.

உலக வங்கிப் பட்டியலில் மின் இணைப்பு கொடுக்கும் வேகத்தில் இந்தியா 22-வது இடம் என்று பெருமையாக ஒரு கூட்டத்தில் பேசினார்கள். என் சின்ன தறிக்கூடத்துக்கு லோடு கேட்டு நாலு மாதமாகிறது. நான் எந்த நாட்டில் இருக்கிறேன்?
*வாசகர், குமாரபாளையம்*

நல்ல கேள்வி. பேசியவர் பொய் சொல்லவில்லை. 2015 அறிக்கையில் 137-வதாக இருந்த இந்தியா 2020 அறிக்கையில் 22-க்கு வந்தது. ஆனால் அதில் அளந்தது டெல்லியையும் மும்பையையும் மட்டும், அதுவும் ஒரு கற்பனைக் கிடங்குக்கு 140 கே.வி.ஏ. இணைப்பு வாங்க எத்தனை நாள், எத்தனை படி, எவ்வளவு செலவு என்று. குமாரபாளையம் அந்த வரைபடத்திலேயே இல்லை. அப்புறம், புள்ளிவிவரத்தில் கைவைத்தார்கள் என்று சர்ச்சையாகி 2021-ல் அந்த அறிக்கையையே உலக வங்கி நிறுத்திவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் தறி அதிகம், பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் ஏற்கெனவே மூச்சுத் திணறுகின்றன, அதனால் உங்களுடையது அநேகமாக 90 நாள் வகை. நாலு மாதம் என்றால் அதுவும் தாண்டிவிட்டது, ஆவடி வாசகிக்கு எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள்.

அப்பா 2012-ல் கிணற்றுக்கு இலவச கரன்ட் கேட்டுப் பதிந்தார். அப்பாவே போய்விட்டார், சர்வீஸ் வரவில்லை. வீட்டுக்கு ஒரு வாரத்தில் கொடுப்பவர்கள் வயலுக்கு ஏன் இப்படி?
*வாசகர், அரூர்*

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

வீட்டு இணைப்புக்கு நீங்கள் பணம் கட்டும் வாடிக்கையாளர். வயல் இணைப்பு கொடுத்த நாளிலிருந்து வாரியத்துக்கு மீட்டர் வசூல் இல்லை, அரசு தருகிற மானியம்தான். தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து வருஷத்துக்கு எத்தனை இணைப்பு என்பதை டிரான்ஸ்ஃபார்மரோ கம்பியோ தீர்மானிப்பதில்லை, அரசு ஒதுக்கும் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எழுதிப் போட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அதற்கு சீனியாரிட்டி என்று பெயர். அந்த வரிசைக்குள்ளேயே சாதாரண வரிசை, 10,000, 25,000, 50,000 ரூபாய் கட்டுகிறவர்களுக்கான சுயநிதி வரிசைகள், லட்சக்கணக்கில் கட்டினால் தட்கல். ரயிலில் தட்கல் இருந்தால் ஒரு ராத்திரிப் பயணம்தான் தள்ளிப்போகும், இங்கே பதினைந்து போகம் தள்ளிப்போகிறது.

2021 செப்டம்பரில் ஒரே வருஷத்தில் ஒரு லட்சம் இணைப்பு என்று அறிவித்துக் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் இன்னும் 50,000. அப்போது காத்திருந்தவை நாலரை லட்சத்துக்கு மேல். கணக்கு உங்களுக்கே புரியும்.

உங்களுக்கு அவசரமான வேலை வேறு. விண்ணப்பம் அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, கிணறு அந்த சர்வே எண்ணில்தான் இருக்கிறது என்பதற்கு வி.ஏ.ஓ. சான்று, இவற்றை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போய், அதே சீனியாரிட்டியில் பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புதிதாக எழுதிப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், அப்பா நின்ற இத்தனை வருஷமும் போய்விடும். இன்னொன்று, முறை வரும்போது இணைப்பு வாங்கத் தயாரா என்று கேட்டு நோட்டீஸ் வரும், பழைய விலாசத்துக்கு வந்து திரும்பிப் போய் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. விலாசத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆறு வீடு கொண்ட சின்ன அடுக்குமாடி. கட்டட நிறைவுச் சான்று இல்லாமல் சர்வீஸ் கிடையாது என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், திருச்சி*

2019 கட்டட விதிகளில் விலக்கு மூன்று வீடு வரைக்கும்தான் இருந்தது, உயரம் 12 மீட்டர். 2024-ல் அதை 8 வீடு, 14 மீட்டர் உயரம், 750 சதுர மீட்டர் பரப்பு என்று தளர்த்தினார்கள். இந்த மூன்று வரம்புக்குள்ளும் அடங்கினால் சான்று வேண்டாம். அனுமதி வாங்கிய பிளானுக்கு மேல் ஒரு மாடி ஏற்றியிருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

வயர்மேன் "எல்லாம் சேர்த்து இருபதாயிரம், பத்து நாளில் மீட்டர்" என்கிறார். கொடுக்கலாமா?
*வாசகி, ஓசூர்*

வயரிங் கூலி எவ்வளவு, ஆபீசுக்குக் கட்டும் தொகை எவ்வளவு, மீதி யாருக்கு என்று மூன்று வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது வரிக்கு அவர் பேனா நகராது. ஆபீஸ் பணத்தை நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள். ஆர்.சி.டி. என்கிற உயிர்காக்கும் சுவிட்ச் பொருத்தியிருக்கிறாரா என்று மட்டும் அவரிடம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் வந்து பார்ப்பவர் திருப்பி அனுப்புவார்.

பழைய வீடு வாங்கினேன். முந்தைய ஓனர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்கிறார்கள். அநியாயம் இல்லையா?
*வாசகர், கும்பகோணம்*

அநியாயமாகத்தான் தெரியும், ஆனால் விதி அவர்கள் பக்கம். கே.சி. நைனன் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாநில விதிகளில் அப்படி இருந்தால், பழைய பாக்கியைக் கட்டச் சொல்லிப் புது இணைப்பை நிறுத்தி வைக்கலாம். கட்டிவிட்டு, ரசீதோடு விற்றவரிடம் கேளுங்கள். கிரயப் பத்திரத்தில் "வரி, மின்கட்டண பாக்கி ஏதும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

மின்வாரியத்துக்கு இப்போது என்னதான் பெயர்? விண்ணப்பத்தில் 'பெறுநர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?
*வாசகர், கோவில்பட்டி*

1957-ல் தமிழ்நாடு மின்சார வாரியம், 2010-ல் பிரித்து டான்ஜெட்கோ, 2024-ல் அதையும் பிரித்து இப்போது விநியோகத்துக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். "உதவிப் பொறியாளர் அவர்கள், பிரிவு அலுவலகம்" என்று எழுதி ஊர் பெயரைப் போடுங்கள், சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். ஆட்டோக்காரரிடம் மட்டும் ஈ.பி. ஆபீஸ் என்றே சொல்லுங்கள்.