கிரகணத்துக்கு ஒரு கைக்கண்ணாடி போதும்

கேள்வி: 2031 மே 21 அன்று கங்கண (சூரியன் வளையமாகத் தெரியும்) சூரிய கிரகணம் எங்கள் ஊரில் தெரியுமாமே? வீட்டில் பத்துப் பேரும் சேர்ந்து பார்க்க வழி உண்டா?
– வாசகி, மதுரை

உண்டு. 2019 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் அடுத்த கங்கண கிரகணம் அதுதான். அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2 மாலை சூரியனின் ஓரம் கொஞ்சம் மறையும். அன்றே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

கெட்டி அட்டையில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போடுங்கள். சுமார் 6 மி.மீ. இருக்கும். அதை முகம் பார்க்கும் சிறு கண்ணாடிமேல் ஒட்டி, சப்பாத்தி மாவு உருண்டையில் சாய்த்துப் பதித்து, வெயிலில் வையுங்கள். அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தை 10 மீட்டர் தள்ளி, இருட்டான அறையின் வெள்ளைச் சுவரில் விழச் செய்யுங்கள். 9 செ.மீ. அகலத்தில் சூரியன் தெரியும். தூரத்தை 109-ஆல் வகுத்தால் வருவதே பிம்பத்தின் அளவு.

பெரும்பாலோர் சறுக்குவது தூரத்தில்தான். சுவர் 2 மீட்டரில் இருந்தால் பிம்பம் 18 மி.மீ.தான், 6 மி.மீ. ஓட்டை அதன் விளிம்பை மழுக்கிவிடும். இன்னொன்று, 2 நிமிடத்துக்கு ஒருமுறை பிம்பம் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். அதற்குத்தான் மாவு: லேசாக அழுத்தித் திருப்பிக்கொள்ளலாம். கண்ணாடிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் இருந்தால் பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும்.

கேள்வி: சாணி கரைத்த நீரில் பார்க்கலாமா? எக்ஸ்ரே ஃபிலிம்?
– வாசகர், கரூர்

இரண்டும் வேண்டவே வேண்டாம். உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு 100-ல் 2 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கண் தாங்குவதோ லட்சத்தில் 3 பங்கு. ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைத்தாலும் அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவில் கறை விழுந்திருப்பது சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் புரியும். நேராகப் பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு டியூப் லைட்டைப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்தாலோ, ஊசித்துளி வெளிச்சம் கசிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 60 மி.மீ. டெலஸ்கோப் வாங்கலாமா? பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது.
– வாசகர், திருச்சி

60 மி.மீ. லென்ஸ் தாங்குவது 120 மடங்கு வரைதான். அதோடு வரும் மெல்லிய ஸ்டாண்டு ஆடுகிற ஆட்டத்தில் அதுவும் தேறாது. கண் வைக்கும் இடத்தில் திருகும் ‘சூரிய ஃபில்டர்’ ஏதும் பெட்டிக்குள் இருந்தால் உடைத்தெறியுங்கள்: குவிந்த சூட்டில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும்.

அந்தப் பணத்தில் 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் வாங்குங்கள். ஜனவரி இரவு 8 மணிக்கு மொட்டை மாடியில் 20 நிமிடம் செல்போனைத் தொடாமல் இருந்து கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு முதலில் கார்த்திகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரமாகத் தெரிவது பைனாகுலரில் டஜன் கணக்கில் விரியும். அடுத்து அதன் பக்கத்தில் சிவந்திருக்கும் ரோகிணி, பிறகு திருவாதிரை.