353 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஓரிடத்தில் 353 கி.மீ., இன்னோரிடத்தில் 336 கி.மீ. என்று இருக்கிறது. எது சரி?

பதில்: நீங்களே போட்டுப் பாருங்கள். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஆக, டிகிரிக்கு 111 கி.மீ. சொச்சம். தீர்க்கரேகை டிகிரி துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறுகும் என்பதால், சராசரி அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். ஒரு நிலையம் 10°00' வடக்கிலும் மற்றது 12°30' வடக்கிலும் இருக்கிறது, தீர்க்க வித்தியாசம் 2° என்று வைத்துக்கொள்வோம். வடக்கு தெற்காக 278, கிழக்கு மேற்காக 218. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 353. சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கு போதும். கண்டம் தாண்டும் பயணத்துக்கு ஆகாது.

336 எப்படி வந்தது? 12°30' என்பதை 12.30 என்று தட்டியிருப்பார்கள். 30 நிமிடம் அரை டிகிரி, 12.5 என்றுதான் போட வேண்டும். மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது.

கேள்வி: டர்போபிராப் (முன்னால் விசிறி சுழலும்) விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும் என்றால் 42 நிமிடம்தானே ஆக வேண்டும்? அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்களே?

பதில்: அட்டவணை நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் நிற்கும் வரை எண்ணுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மெதுவாக மேலேற, இறங்குவதற்கு வரிசையில் சுற்ற, மறுபடி ஊர என்று 20 முதல் 30 நிமிடம் கூடும். தூரம் குறைந்தாலும் இந்தப் பகுதி குறையாது. அதனால்தான் 150 கி.மீ. பயணம்கூட முக்கால் மணியைத் தொடுகிறது.

ஜெட் வந்தால் பாதி நேரம் என்று நினைக்க வேண்டாம். 1000 அடி இறங்க 3 கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. ஜெட் வழக்கமாகப் பறக்கும் 35,000 அடியிலிருந்து என்றால் 105 கடல் மைல், அதாவது 194 கி.மீ. நம் 353-இல் ஏறுவதற்கு மிச்சம் 159தான். எனவே ஜெட்டும் தாழவே பறக்கும்; எரிபொருள் அதிகம் போகும், மிச்சமாவது பத்து நிமிடம் போல.

கேள்வி: போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறு?

பதில்: காற்று. எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. அடித்தால் 42 நிமிடம் 53 ஆகும். அதே காற்று முதுகில் தள்ளினால் 35. இரண்டையும் கூட்டினால் 88. காற்றே இல்லாவிட்டால் 85. ஆக, பின்காற்று கொடுப்பதைவிட எதிர்க்காற்று அதிகம் பிடுங்கிக்கொள்கிறது. இரு ஊர்களும் வேறு நேர மண்டலத்தில் இருந்தால், அட்டவணையைக் கழித்துப் பார்க்கும் முன் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.