ரோமில் செருப்பு, இஸ்தான்புல்லில் முக்காடு

கேள்வி: எனக்கு 56 வயது. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் என்னை வரவழைத்து, ரோமில் தேவாலயமும் இஸ்தான்புல்லில் மசூதியும் காட்டுகிறேன் என்கிறாள். எனக்கு ஆசைதான். ஆனால் மாமியார், "மாரியம்மனுக்கு வேண்டுதல் பாக்கி இருக்கு, அதுக்குள்ள வேற சாமி வாசல்ல போய் நிக்கலாமா?" என்கிறார். அங்கே நான் கும்பிடலாமா? நெற்றியில் குங்குமத்தோடு போனால் ஏதாவது சொல்வார்களா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். அத்தையின் வருத்தத்தை முதலில் பார்ப்போம். அவர் வேற்று சாமிக்குப் பயப்படவில்லை, வாக்குக் கொடுத்த சாமிக்குப் பயப்படுகிறார். அதற்கு நம் வீடுகளில் வழி இருக்கிறதே! மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, அத்தை கையாலேயே சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் வேண்டுதலைச் செலுத்திவிடலாம்.

அப்புறம், வேறு சாமி வாசல் நமக்கொன்றும் புதிதில்லை. குழந்தை ராத்திரியெல்லாம் வீரிட்டு அழுதால், சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் போய் நிற்கிற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ச் செம்பு. வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த அம்மாக்களின் நெற்றியில் பொட்டு இருக்கும். உங்கள் ஊர் சையத் பாஷா மலையில் தர்கா இருக்கிறது. அத்தை சின்ன வயதில் அங்கே ஏறியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ரோமில் உங்களுக்கு முதலில் கூசப்போவது கால்தான். புனித பேதுரு பேராலயத்துக்குள் எல்லாரும் செருப்பு, ஷூவோடுதான் போவார்கள். வேளாங்கண்ணியில் வாசலிலேயே செருப்பை விட்டுப் பழகிய நமக்கு அது என்னவோ போலிருக்கும். அங்கே அதுதான் வழக்கம், நீங்கள் கழற்ற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கண்டிப்பு. கையுள்ள ரவிக்கையோடு புடவை கட்டினால் போதும். உள்ளே வலது பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், இறந்துபோன மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதாவின் சிலை இருக்கும். மைக்கேலாஞ்சலோ செதுக்கியது. 1972-ல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்தியதால்தான் அந்தக் கண்ணாடி. போட்டோ எடுக்கும் கூட்டம் கொஞ்சம் விலகும்வரை நின்று, அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். பேதுருவின் வெண்கலச் சிலை ஒன்றும் அங்கே உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் பக்தர்கள் தொட்டும் முத்தமிட்டும் அதன் வலது பாதம் விரல் தெரியாமல் தேய்ந்துபோயிருக்கிறது.

பூசை நடந்தால் பின்வரிசையில் உட்காருங்கள். எல்லாரும் எழுந்தால் நீங்களும் எழலாம். ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நற்கருணை என்கிற அப்பத்தை வாங்க வரிசை நகரும்போது அதில் போய்ச் சேராதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தர்மபுரி பக்கம் ஒரு தோழியின் மகள் கல்யாணம், தேவாலயத்தில். வரிசையோடு நானும் போனேன், கையில் வட்டமான வெள்ளை அப்பத்தை வைத்தார்கள். பிரசாதம்தானே என்று, வீட்டிலிருக்கும் மகளுக்காகக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி பதறிப்போனார். அதட்டவில்லை. என் கையைப் பிடித்துச் சாமியாரிடம் அழைத்துப் போனார். அவர் அதைப் பக்குவமாக வாங்கித் தாமே உட்கொண்டார். கத்தோலிக்கர்களுக்கு அது இயேசுவின் உடல், கும்பிட வந்த எல்லாருக்கும் தருகிற பிரசாதம் அல்ல என்று பாட்டி அப்புறம்தான் விளக்கினார். கருவறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் போல அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை. எதில் கலந்துகொள்ளலாம், எதில் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து எங்கே போனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போகிறேன்.

இஸ்தான்புல்லில் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும். இடுப்பும் கையும் தெரியாமலிருக்க அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டு, துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொள்ளுங்கள். தொழுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. அவர்கள் முகம் தெரியப் படம் எடுக்கவும் வேண்டாம்.

ஹாகியா சோபியாவை அவசியம் பாருங்கள். 537-ல் கட்டி முடித்த தேவாலயம். 1453-ல் மசூதியானது, 1935-ல் அருங்காட்சியகமானது, 2020-ல் மறுபடி மசூதியாகிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் டிக்கெட் வாங்கி மேல்மாடத்துக்குப் போகலாம். அங்கே சுவரில் இயேசுவின் பழைய மொசைக் ஓவியம், பாதிக்கு மேல் உதிர்ந்துபோயும் முகம் மட்டும் அப்படியே இருக்கும். அங்கிருந்தே அல்லா, முகமது என்று அரபியில் எழுதிய பெரிய வட்டப் பலகைகளையும் பார்க்கலாம். யாருடையது என்ற வழக்கு அந்தக் கட்டடத்துக்கு இன்னும் ஓயவில்லை, நிறையப் பேருக்கு அதில் ஆறாத வலி உண்டு. அங்கே நின்று அதைப் பேச வேண்டாம் என்று மகளிடமும் சொல்லிவையுங்கள்.

கும்பிடலாமா என்கிறீர்கள். மனசு வந்தால் ஓரமாக நின்று கண்ணை மூடி, உங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிக் கும்பிடுங்கள். மனசு வராவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. மண்டியிடுவது, சிலுவை போடுவது, தொழுகை வரிசையில் நிற்பது ஆகியவற்றை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டாம். அவை அவர்கள் நம்பிச் செய்கிறவை.

மகள் நாள் குறிக்கும்போது இரண்டை நினைவுபடுத்துங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மசூதிகளில் பயணிகளை விட மாட்டார்கள். ரோமில் புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் பேராலயத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார், அந்நேரம் பேராலயத்துக்குள் போக முடியாது.

குங்குமம் இருக்கட்டும், அழிக்க வேண்டாம். அது என்னவென்று யாராவது விசாரித்தால், சொல்லுங்கள்.